பேர்ள் எண்ட நிரல்மொழியில எழுதின ஸ்கிரிப்ட்டால விண்டோஸ் போல்டர் அனுமதிகளை வாசிக்கேக்க, சில போல்டர்களில 1332 எண்டு பிழை காட்டி நிண்டுபோகுது. டிஸ்க் பழுதோ?

டிஸ்க்கை தயவுசெய்து போர்மட் பண்ணிப்போடாதேங்கோ. விண்டோஸைத் திரும்பப் போட்ட கணினி, இல்லாட்டி வேற கணினியில இருந்து கழட்டின டிஸ்க். அனேகமா இந்த ரெண்டில ஒண்டுதான் உங்கட கதை.

விண்டோஸ் டிஸ்க்கில பைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கிற என்டிஎஃப்எஸ் முறை, அனுமதிப் பட்டியலில ஆக்களின்ர பேரை எழுதி வைக்கிறதில்லை, எஸ்ஐடி எண்ட நீள இலக்கத்தைத்தான் வைக்குது. பேரை வாசிக்கிற நேரத்திலதான் தேடி எடுக்கும். அந்த இலக்கத்துக்குரிய பயனர் கணக்கே இப்ப இந்தக் கணினியில இல்லையெண்டால் பேருக்கு எங்க போறது? அதுதான் 1332.

கிளிநொச்சியில ஒரு சங்கத்தின்ர நெல் கொள்வனவுக் கணக்கு முழுக்க இப்பிடித்தான் மாட்டுப்பட்டது. கொழும்பில இருந்து போனில கதைச்ச நிறுவனக்காரர் பாக்காமலே "டிஸ்க் பழுது, அழிச்சுப்போட்டுப் புதுசா தொடங்குங்கோ" எண்டிட்டார். நான் ஐசிஏசிஎல்எஸ் எண்ட, அனுமதிப் பட்டியலைக் காட்டிற விண்டோஸ் கட்டளையை அடிச்சுப் பாத்தன். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பேரோட வந்தது, ஏனெண்டால் அதின்ர எஸ்-1-5-32-544 எல்லா விண்டோஸிலயும் ஒண்டுதான். அதுக்குக் கீழ எஸ்-1-5-21 எண்டு தொடங்கிற வெறும் இலக்கம், பேர் இல்லை. பழைய கணக்காளரின்ர பயனர் கணக்கு.

ஸ்கிரிப்ட்டில எஸ்ஐடிக்குப் பேர் தேடுற லுக்அப்அக்கவுண்ட்எஸ்ஐடிக்குப் பிறகு "ஓர் டை", அதாவது கிடைக்காட்டி அப்பிடியே நிண்டுபோ எண்டு இருந்தது. பேர் கிடைக்காட்டி அந்த இலக்கத்தையே அச்சடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ எண்டு மாத்தினன். முழுப் பட்டியலும் வந்தது. டேக்ஓன் போட்டு உரிமையை எடுத்து, புதுக் கணக்குக்கு அனுமதி குடுத்தம். ஒரு பைலும் போகேல்லை.

பவர்ஷெல் இருக்கேக்க பேர்ள் என்னத்துக்கு எண்டு ஆரும் வருவியள். அனுமதியைக் காட்டிற பவர்ஷெல் கட்டளையான கெட்-ஏசிஎல்லும் அதே பேரில்லாத இலக்கத்தைத்தான் காட்டும். ஓடுற ஸ்கிரிப்ட்டை நான் எறியமாட்டன். ஆனா பைலில எழுதலாமோ எண்டு பாக்கிற பேர்ளின்ர மைனஸ் டபிள்யூ சோதனையை மட்டும் நம்பாதேங்கோ, விண்டோஸில அது வழமையா ரீட்-ஒன்லி அடையாளத்தைத்தான் பாக்கும்.

இன்னொண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில பொறியியல் பீடமே இருக்கு. எண்டாலும் வன்னியில ஒரு கணினி நிண்டால் கொழும்புக்குத்தான் போன் போகுது, பாக்காமல் சொன்னதுக்கும் பில் வருது. எங்கட பெடியள் வேலை இல்லாமல் நிக்கினம். எனக்கு இதில சரியான கோவம்.

உங்கட ஐசிஏசிஎல்எஸ் வெளியீட்டைக் கீழ போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.