கொலோன் கார்னிவல்: ஒருநாள் பயணம் வருகிறவர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

ஜெர்மனியில் ஆஹன் நகரில் முதுகலை படித்தபோது முதன்முதலாகக் கொலோன் நகரத்துக் கார்னிவலுக்கு, அதாவது வேஷம் போட்டு ஆடும் தெருத் திருவிழாவுக்குப் போனேன். இப்போது கொலோனிலேயே வேலை. புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். எந்த நாள் வரலாம்?

எல்லோரும் ரோஸன்மோன்டாக் என்னும் திங்கட்கிழமையைத்தான் சொல்வார்கள். 1823 முதல் நடக்கும் பெரிய ஊர்வலம் அது. ஆனால் முதல்முறை வருகிறவர்களை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வேன். அன்று பள்ளிகளும் பேட்டைகளும் சேர்ந்து நடத்தும் ஊர்வலம். பிள்ளைகள், வாத்தியார்கள், தெருக்காரர்கள் எல்லோரும் தாங்களே செய்த வேஷத்தில் நடந்து வருவார்கள். திங்கட்கிழமை உயரமான வண்டியிலிருந்து மிட்டாயை வீசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தை நம் முகத்தைப் பார்த்து, கையில் வைத்துவிட்டுப் போகும். எனக்கு அதுதான் கார்னிவல்.

தேதி ஆண்டுதோறும் மாறும். ஈஸ்டருக்கு 48 நாள் முன்னால் வருவது ரோஸன்மோன்டாக். 2027-இல் அது பிப்ரவரி 8. அப்படியென்றால் நீங்கள் வரவேண்டியது 7-ஆம் தேதி.

ஆஹனிலிருந்து எப்படி வருவது?

ஆர்இ 1 என்ற வட்டார ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட் போதும். ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள், அதில் செல்லாது. காலை 8 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அப்புறம் நிற்கவே இடம் இருக்காது. கொலோனில் இறங்கியதும் எதிரே பேராலயம். அங்கேயே நின்றுவிடாமல் தெற்கே நடந்து குளோட்விக் சதுக்கத்துப் பக்கம் போங்கள். ஊர்வலம் கிளம்புவது அங்கேதான். ஆடுகிறவர்களும் களைப்பில்லாமல் இருப்பார்கள்.

மிட்டாய் வாங்க என்ன கத்த வேண்டும்?

மிட்டாய்க்கு "கமெல்லே!", பூங்கொத்துக்கு "ஸ்ட்ரூஸ்யெர்!". வாழ்த்துக்கு "கொல்லே அலாஃப்!". "ஹெலாவ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது டுசல்டோர்ஃப்காரர்கள் சொல்வது, இங்கே முகம் சுளிப்பார்கள். துணிப்பை ஒன்று கொண்டு வாருங்கள். சிலர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள்.

முதல் வருடம் கூச்சத்தில் வாயே திறக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்ற பாட்டி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, எனக்காகவும் சேர்த்துக் கத்தினார். கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் டூலிப், தண்டில் ஈரக் காகிதம் சுற்றியது. அறையில் காபி டம்ளரில் வைத்தேன், ஒரு வாரம் இருந்தது.

நான் சைவம். அந்த மிட்டாய்களைச் சாப்பிடலாமா?

சாக்லேட், வேஃபர் எல்லாம் பெரும்பாலும் பிரச்சினையில்லை. மெல்லுகிற கம்மி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. உறையில் "Gelatine" என்ற சொல்லைத் தேடுங்கள். பசிக்கு ரைபெகூஹன் கிடைக்கும்: உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடை, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டுச்சேலை கட்டி வரலாமா?

வேண்டாம் கண்ணு. பிப்ரவரிக் குளிர், போதாததற்கு யாராவது பீரைக் கொட்டிவிடுவார்கள். வேஷமே போடாமலும் வராதீர்கள், நீங்கள்தான் தனியாகத் தெரிவீர்கள். கொலோனின் நிறம் சிவப்பும் வெள்ளையும். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் ஒரு கோமாளி மூக்கும் போதும். இரண்டு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே குளிர் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

தோழிகள் இரண்டு பேர் மட்டும் வருகிறோம், பயமில்லையா?

பகலில் ஊர்வலத் தெருக்களில் குடும்பங்கள்தான் நிற்கும். கன்னத்தில் சின்ன முத்தம் கொடுப்பது இங்கே வழக்கம், "ப்யூட்ஸ்ஷென்" என்பார்கள். பிடிக்கவில்லை என்றால் கையை நீட்டித் தடுத்து "நைன்" சொல்லுங்கள், அது முழுக்க உங்கள் உரிமை. தொட்டால் சத்தம் போடுங்கள், போலீஸ் நிறைய இருப்பார்கள். சுல்பிஹர் தெருவுக்கு மட்டும் இருட்டிய பிறகு போகாதீர்கள். மாணவர்கள் கூடும் இடம்தான், ஆனால் குடி அதிகம், நெரிசலில் மூச்சு முட்டும்.

கழிப்பறை?

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்கே கண்ணில் பட்டாலும் உடனே போய்விடுங்கள், அவசரம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

செவ்வாய் இரவுவரை தங்கினால் என்ன பார்க்கலாம்?

நுப்பெல் எரிப்பு. மதுக்கடை வாசலுக்கு மேலே கார்னிவல் நடக்கும் அத்தனை நாளும் நுப்பெல் என்ற ஒரு வைக்கோல் பொம்மை தொங்கும், கவனியுங்கள். செவ்வாய் இரவு அதை இறக்கி, மெழுகுவர்த்தியோடு ஊர்வலமாகத் தூக்கிப் போவார்கள். ஒருவர் பாதிரியார் வேஷத்தில் குற்றப்பட்டியல் வாசிப்பார்: காசெல்லாம் குடித்துத் தீர்த்தது யார்? "நுப்பெல்!" என்று தெருவே கத்தும். அப்புறம் கொளுத்துவார்கள். பழி முழுவதும் பொம்மை தலையில். சுற்றி நின்று ஒப்பாரி வைப்பவர்களில் நாலு பேர் நிஜமாகவே அழுதுகொண்டிருப்பார்கள்.