ஆபரேஷன் ஆன அப்பா ராத்திரியில் பிதற்றுகிறார்

கேள்வி: எங்களுக்குக் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. அப்பாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து பாலக்காட்டில் ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நாள் ராத்திரியிலிருந்து, "மாட்டை அவுத்துக் கட்டு" என்கிறார், டியூபைப் பிடுங்குகிறார். காலையில் தெளிந்துவிடுகிறார். மூளை பாதித்துவிட்டதா? கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்களே?

பதில்: ராத்திரி குழம்பிக் காலையில் தெளிகிறார் என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இரண்டே நாளில் வந்து நேரத்துக்கு நேரம் மாறுவது டெலிரியம். நம் பெரியவர்கள் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அதுதான். பைத்தியம் இல்லை. உடம்பில் எங்கோ கோளாறு, அது மூளையில் தெரிகிறது. கத்தாமல் சுருண்டு கிடப்பவருக்கும் இது வரும். அவரை யாரும் கவனிப்பதில்லை.

டியூட்டி டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். சர்க்கரை, ஆக்ஸிஜன் பார்த்தாயிற்றா? சோடியம் எவ்வளவு? 135 முதல் 145 வரை இருக்க வேண்டும்; 125க்குக் கீழே போனால் பிதற்றல் சகஜம், சில பிரஷர் மாத்திரைகளே சோடியத்தைக் குறைக்கும். சிறுநீரிலோ நெஞ்சிலோ கிருமி? வயதானவருக்குக் காய்ச்சல் அடிக்காமலேயே இருக்கலாம். சிறுநீர் டியூபை எடுத்தபின் சிறுநீர் போனதா, அடிவயிறு கல்லாக இருக்கிறதா? மலம் போய் எத்தனை நாள்? வலிக்கு மருந்து போதுமா?

தயவுசெய்து, "தூங்க ஒரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சாதீர்கள். அவில், ஃபெனெர்கன், அல்பிரஸோலாம் எல்லாம் அந்த ஒரு ராத்திரியை அடக்கி அடுத்த மூன்று நாளைக் கெடுக்கும். கையைக் கட்டிப்போட்டால் இன்னும் மூர்க்கம் ஏறும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கள்ளுக்குப் பேர்போன பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர்களிடம் அதைச் சொல்லாமல் விட முடியாது. தினமும் கள்ளோ பிராந்தியோ குடித்தவர், அட்மிட் ஆனதும் சட்டென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், பூச்சி ஊர்கிறது என்பார், வலிப்பும் வரலாம். அவருக்கு மட்டும் லோரஸெபாம் வகைத் தூக்க மருந்துதான் உயிர் காப்பது. குளுக்கோஸ் ஏற்றும்முன் வைட்டமின் பி1 ஊசியும் வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிறீர்கள், டாக்டர் இருட்டில் தேடுகிறார். "தினம் இவ்வளவு, கடைசியாக இன்ன நாள்" என்று அளவோடு சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூர் யோசனை யாருடையது? வார்டு வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் தரகர் சொன்னதென்றால் காதில் வாங்காதீர்கள். அவருக்குக் கமிஷன், அப்பாவுக்கு 50 கிலோமீட்டர் குலுக்கல், புதுக் கட்டில், புது முகங்கள், இன்னும் குழப்பம். ஆனால் வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை விழுந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவரானாலோ, இருக்கும் இடத்திலேயே உடனே தலை சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வேலை. தியேட்டருக்குப் போகும்போது கழற்றிக் கொடுத்த கண்ணாடி, பல்செட், காதுமெஷின் எங்கே? பெரும்பாலும் பைஸ்டாண்டர், அதாவது துணைக்கு இருப்பவர் பையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடக்கும். இன்றே மாட்டிவிடுங்கள். காதுமெஷினுக்குப் புது பேட்டரி போடுங்கள். மலையாளத்தில் கேட்கும் நர்ஸுக்குப் பதில் சொன்னவர்தான், ஆனால் இந்த நிலையில் தாய்மொழிதான் எட்டும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "அப்பா, இது பாலக்காடு ஆஸ்பத்திரி. இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. மணி எட்டு, ராத்திரி" என்று மெதுவாகச் சொல்லுங்கள். மாடு இல்லை என்று வாதாட வேண்டாம். "தம்பி பாத்துக்கறான்ப்பா" போதும். பகலில் ஜன்னலைத் திறங்கள், டாக்டர் சம்மதித்தால் உட்கார வையுங்கள். சிறுநீர் டியூப் இருந்தால், இன்னும் வேண்டுமா என்று தினமும் கேளுங்கள்.

ஐசியுவில் இதெல்லாம் செய்ய விடுவதில்லை. இரவும் பகலும் ஒரே வெளிச்சம், சொந்தக்காரருக்குச் சில நிமிடம். ஒரு மகளைப் பக்கத்தில் உட்கார விட என்ன செலவு? இதை ஏன் ஒவ்வொரு குடும்பமும் சண்டை போட்டு வாங்க வேண்டும்? எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கவனம் எப்படி இருக்கிறது என்று தெரிய, காலையும் மாலையும் கிழமைகளை சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லி, எங்கே தடுக்குகிறார் என்று குறித்து ரவுண்ட்ஸில் காட்டுங்கள். காரணம் தீர்ந்தாலும் முழுத் தெளிவுக்குச் சில நாளிலிருந்து சில வாரம் ஆகும். டிஸ்சார்ஜ் சீட்டில் டெலிரியம் வந்ததை எழுதி வாங்குங்கள். அடுத்த முறை மயக்க மருந்து கொடுப்பவர் அதைப் பார்த்தாக வேண்டும்.