10 லட்சம் கடன் வாங்கி சினிமா படிக்க வைக்கலாமா?

மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான், 10 லட்சம் கடன் வாங்கி தனியார் கல்லூரியில் சினிமா படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டைரக்‌ஷன் படிக்க என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

10 லட்சத்தை 10% வட்டியில் 7 வருடத்தில் அடைக்க, மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. உதவி இயக்குநருக்கோ மாதச் சம்பளம் என்று நிச்சயமாக எதுவும் கிடையாது. விடியற்காலையில் லொகேஷனுக்குப் போய், கிளாப் அடித்து, ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் இருக்க கன்டின்யுட்டி நோட்டில் நடிகரின் சட்டைப் பட்டன் வரை குறித்து வைத்து, பேக்கப் ஆனதும் (அன்றைய ஷூட்டிங் முடிந்ததும்) வாங்கும் பேட்டாதான் (தினப்படிதான்) பலருக்கு வருமானம். ஷூட்டிங் இல்லாத மாதத்தில் அதுவும் இல்லை. வங்கி அதற்காகக் காத்திருக்காது.

எடிட்டிங், சவுண்ட், கலர் கிரேடிங் (காட்சிகளின் நிறத்தைச் சீராக்குவது), விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டர் காட்சி வித்தைகள்) என்றால் கணக்கு மாறும். சினிமா கிடைக்காவிட்டாலும் விளம்பரம், சீரியல், ஓடிடி, யூடியூப், ஏன், கல்யாண வீடியோ வரை வேலை இருக்கிறது.

முதலில் சென்னை தரமணி அரசு திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் படித்த இடம். 4 வருடப் பட்டப்படிப்பு, கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. இடங்கள் கொஞ்சம்தான், அதனால் இப்போதே தயாராகட்டும். கிடைக்கவில்லையா? சரி, ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து நல்ல கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள். குறும்படம் எடுத்து, தானே எடிட் செய்து பழகட்டும். அப்புறமும் ஆசை குறையாவிட்டால், டிகிரி முடித்ததும் புனே திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதலாம்.