நுகத்தடியும் ஈரோடு ஜங்ஷனும்

கேள்வி: 'யோகா'வும், மாடு பூட்டும் நுகத்தடிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'யோக்' என்பதும் ஒரே சொல் என்றார் எங்கள் யோகா ஆசிரியர். நிஜமா ஐயா? அப்படியானால் நம்முடைய நுகமும் அதுதானா?
- கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதல் பாதி சரி கண்ணு. இரண்டாவது பாதியில்தான் வில்லங்கம்.

காங்கேயத்துக்குப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வாகை மரத்து நுகத்தடி ஒன்று இருந்தது. எழுத்தில்தான் நுகம், ஊரில் நொகம், நொகத்தடி. மாட்டின் திமிலுக்கு முன்னால் படுகிற இரண்டு இடம் மட்டும் தேய்ந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். நடுவில் பகலாணி. கழுத்தைச் சுற்றிப் பூட்டாங்கயிறு. இரண்டு மாட்டை ஒரு வேலையில் பிணைக்கிற கட்டை, அவ்வளவுதான்.

அந்தப் பிணைத்தலுக்குச் சமஸ்கிருத வேர் 'யுஜ்'. அதில் பிறந்த 'யுகம்' என்பதற்கு அடிப்படைப் பொருள் நுகத்தடி. பிறகு ஜோடி, தலைமுறை என்று நீண்டு கலியுகம் வரைக்கும் போய்விட்டது. மனத்தைப் பூட்டுவது யோகம். மாட்டை ஒருமுறை பூட்டி அவிழ்ப்பதற்குள் போகிற தூரம் யோசனை. உபயோகம், விநியோகம், யோக்கியன், உத்தியோகம் எல்லாம் அதே கயிற்றில் கட்டியவை. உத்தியோகத்துக்குள் நுகத்தடி கிடப்பது, முப்பது வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து எழுந்த எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மேற்கே போனால் லத்தீனில் யுகும், கிரேக்கத்தில் ஜுகோன், ஜெர்மனில் யோஹ், லிதுவேனியத்தில் யுங்கஸ், ரஷ்யத்தில் இகோ. இன்றைய துருக்கியில் தோண்டி எடுத்த, ஹிட்டைட் என்னும் வழக்கொழிந்த மொழியின் களிமண் பலகைகளில்கூட 'யுகன்' இருக்கிறது. அவை 3,000 ஆண்டுகளுக்கும் பழையவை. லத்தீன்காரர்கள் ஒரு நுகத்து மாடுகள் ஒரு நாளில் உழுகிற நிலத்தை 'யுகெரும்' என்றார்கள். நம் கணக்கில் சுமார் 62 சென்ட். பிணைப்பதற்கு அவர்கள் சொன்ன 'யுங்கெரே'யிலிருந்து வந்ததுதான் ஜங்ஷன். கரூர் வழியாக வரும் திருச்சிப் பாதை கோவைப் பாதையோடு ஈரோட்டில் சேர்கிறதே, அங்கே பெயர்ப் பலகையிலேயே நுகத்தடியை எழுதி வைத்திருக்கிறோம்.

சரி, இவையெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று எப்படித் தெரியும்? ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. முட்டையின் மஞ்சள் கருவையும் ஆங்கிலத்தில் 'யோக்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். அது மஞ்சள் நிறத்துக்கான சொல்லின் கிளை. மாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தியில் 'ஜுஆ' என்றால் நுகத்தடி, சூதாட்டம் இரண்டும். முன்னது யுகத்தின் பேரன், பின்னது 'த்யூத'த்தின் பேரன். முகஜாடையை நம்பிப் பெண் கொடுக்க முடியாது!

பார்க்க வேண்டியது, ஒலி மாறுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்பதைத்தான். 'தங்கம்' என்னும்போது வருகிற மெல்லிய க, லத்தீனில் இருந்தால் ஆங்கிலத்தில் 'பாக்கு' என்பதில் வருகிற வல்லின க் ஆகிவிடும். (நாம் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதுகிறோம், ஆனால் காதுக்குத் தெரியும்.) யுகும், யோக். நிலத்துக்கு லத்தீனில் அகெர், ஆங்கிலத்தில் ஏக்கர். முழங்காலுக்கு அங்கே கெனு. ஆங்கிலத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டு எழுதும்போது முன்னால் ஒரு ஊமை 'கே' போடுகிறார்களே, அது அந்தப் பழைய க்-தான். சமஸ்கிருதத்தில் அது ஜானு. முழங்கால் வரை கை நீண்டவர் ஆஜானுபாகு. இந்த ஒழுங்கை 1822-இல் எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தாரே, அவரேதான்.

கிரேக்கத்தில் முதலில் வரும் ய, ஜ ஆவதற்கும் துணைச் சாட்சி உண்டு. வடமொழியில் யவம் என்னும் தானியப் பெயர் அங்கே ஜேயா. உடுமலைப் பக்கம் விளைகிற மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயர் 'ஜியா மேஸ்' என்பதில் இருக்கிற ஜியா அதுதான்.

இப்போது நம் நுகம். பட்டினப்பாலையிலேயே இருக்கிற பழைய சொல். நடுநிலை தவறாத வணிகரின் நெஞ்சுக்கு நுகத்தின் பகலாணியை உவமை சொல்கிறது அந்தப் பாட்டு. யமன் நமன் ஆனதுபோல யுகம் நுகம் ஆகியிருந்தால், அது கடன் வாங்கின சொல். கடன் வாங்கினவன் பங்காளி ஆகிவிட மாட்டான். பங்காளி என்றால் சொத்தில் பாகம் இருக்க வேண்டும்: எண்கள், உடலுறுப்புகள், நான், நீ எல்லாம் வரிசையாகப் பொருந்த வேண்டும். நம் 'ஒன்று, இரண்டு' அந்த வரிசையில் பொருந்தாது.

கேள்வி: எங்கள் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களும் 'நொக' என்கிறார்களே, அதுவும் கடன்தானா?
- விவசாயி, சத்தியமங்கலம்

பதில்: அந்த ஒரு சொல்லை விட்டுத்தள்ளுங்கள். அதை வைத்து எந்தப் பக்கமும் வழக்கு ஜெயிக்காது. செவியைப் பாருங்கள்: அவர்களுக்குக் கிவி. நமக்குச் சிறு, அவர்களுக்குக் கிரு. இ, எ-வுக்கு முன்னால் அங்கே க இருக்கிற இடத்தில் நமக்கு ச. கிரிம் கண்டதுபோன்ற ஒழுங்குதான், ஆனால் இது வேறு குடும்பம். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்தில் பிறந்தவை என்று ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-இல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்த வீடில்லை, தனி வீடு என்று சென்னைக் கலெக்டர் எல்லிஸ் வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டியது 1816-இல். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு 40 வருஷம் முன்னால். கலெக்டர்கள் இப்படியும் இருந்திருக்கிறார்கள்.

கேள்வி: பரணில் கிடக்கும் நுகத்தடியை, விளக்குத் தொங்கவிட ஒரு ஹோட்டல்காரர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: கொடுங்கம்மா, கறையானுக்கு விடுவதைவிட அது தேவலை. ஆனால் விலைக்கே கொடுங்கள். எங்கள் நுகத்தடியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலு நாளில் தருகிறேன் என்று இரவல் வாங்கிப் போனார். அப்பாரு ஐப்பசி உழவுக்குக் கேட்கப் போனபோது, அது அவர் வீட்டுத் தொட்டிலைத் தாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அப்பாரு கேட்காமலே திரும்பி வந்துவிட்டார்.