ஒரு நிலைக்குப் போன திரை ஏன் திரும்புவதில்லை?

கேள்வி: வரிமேடு (நுண்ணிய மேடு-பள்ள வரிசை) பதித்த இருநிலைத் திரவப் படிகச் செல், அதாவது மின்சாரம் நின்றாலும் இரு நிலைகளில் ஒன்றில் நிற்கும் திரை, மூலக்கூறுகள் செங்குத்தாக நிற்கும் நிமிர்நிலைக்கு எளிதில் போகிறது, மற்ற நிலைக்குத் திரும்ப வருவதில்லையே?
— மாணவர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: மாறுமின்னழுத்தம் மட்டும் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் மூலக்கூறுகள் புலத்தின் திசையிலேயே நிற்கும். மற்ற நிலையான குறைநிலைக்குத் திரும்ப, மேட்டருகே −½, பள்ளத்தருகே +½ குறைக்கோடுகள் (மூலக்கூறு ஒழுங்கு முறியும் கோடுகள்) உருவாக வேண்டும்; அதற்குச் சரியான துருவத்தில் முடியும் குறுகிய மின்துடிப்பு தேவை. எந்தத் துருவம் எந்த நிலைக்கு என்பது படிகக் கலவையைப் பொறுத்தது, மாற்றிப் பாருங்கள்.

நேர், எதிர் துடிப்புகளைச் சம அளவில் அடுத்தடுத்துக் கொடுங்கள். பின்னால் வருவதே நிலையை முடிவு செய்யும். ஒரே துருவத்தைத் தொடர்ந்தால் அயனிகள் தேங்கி, துடிப்பு நின்றதும் எதிர்ப்புலம் படத்தைக் கலைத்துவிடும். குளிரூட்டிய அறையில் பாகுத்தன்மை கூடும், துடிப்பை நீட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பாவிட்டால் வரிமேட்டை அளந்து பாருங்கள். ஆழம் போதாவிட்டால் குறைநிலை நிலைக்கவே நிலைக்காது. எந்த மின்னழுத்தமும் அதைச் சரிசெய்யாது, வரிமேட்டைப் புது அச்சில் பதிப்பதுதான் வழி.