இரண்டு வயது தாண்டியும் சில சொற்களே: காத்திருக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். "அம்மா", "தாத்தா", "மம்மம்" எனப் பதினைந்து சொற்கள்தான் சொல்கிறாள். ஆனால், நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். குழம்பாமல் இருக்க ஆங்கிலத்தில் மட்டும் பேசும்படி பிளே ஸ்கூல் ஆசிரியை சொல்கிறார். "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு வயது நிறைவில் குழந்தை ஏறத்தாழ ஐம்பது சொற்களாவது சொல்லி, "அப்பா வா" என இரண்டைச் சேர்க்கவும் தொடங்கியிருக்க வேண்டும் என்பது பேச்சுப் பயிற்சியாளர்கள் பரவலாகக் கையாளும் அளவுகோல். எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் கூட்டுங்கள். நாயைக் காணும்போதெல்லாம் "பௌ பௌ" என்றால் அதுவும் ஒரு சொல்தான். அப்படியும் ஐம்பதை நெருங்காவிட்டால் மதிப்பீடு தேவை. தாமதமாகப் பேசத் தொடங்குபவர்களில் பலர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் எந்தக் குழந்தை எட்டும் என்பதை இந்த வயதில் உறுதியாகக் கூற முடியாது. மொழித் தாமதம் குடும்பவழி வருவதுண்டு என்பதால், மாமியார் தரும் தகவல் காத்திருப்பதற்கன்று, விரைந்து பார்ப்பதற்கே காரணமாகிறது.

முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். குக்கர் விசிலுக்குத் திரும்புகிறாள் என்பது போதாது. உரத்த ஒலி கேட்கும் குழந்தைக்கும் "ச", "ஸ" போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள் எட்டாமல் போகலாம். பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்திருந்தாலும், அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் கேட்கும் திறன் பின்னர் குறையக்கூடும். தேவைப்பட்டால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா (BERA) சோதனையும் குழந்தை உறங்கும்போது செய்வார்கள்.

"எல்லாம் புரிகிறது" என்பதைத்தான் நான் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. பையை எடுத்துக்கொண்டு "கிளம்பலாமா" என்றால் எந்தக் குழந்தையும் செருப்பைத் தேடும். அங்கே பேசியது உங்கள் கையும் சூழலும்தான். கையை அசைக்காமல், பொருளைப் பார்க்காமல், வழக்கமில்லாத நேரத்தில், "பாட்டி கண்ணாடியைக் கட்டில்மேல வை" என்று சொல்லிப் பாருங்கள். புரிதலும் குறைவாக இருந்தால், அது பேச்சு மட்டும் தாமதமாவதைவிடக் கவலைக்குரியது. காது நன்றாகக் கேட்டு, வேறு காரணமும் தென்படாமல் நீடிக்கும் மொழி வளர்ச்சிக் குறைபாட்டின் தொடக்கமாகவும் அது இருக்கலாம்.

பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு உண்டாவதில்லை. குறைபாடு உள்ள குழந்தையிடம் அது எல்லா மொழிகளிலும் வெளிப்படும். தாத்தாவும் பாட்டியும் சரளமாகப் பேசும் தமிழை நிறுத்திவிட்டு, வீட்டார் தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்துக்கு மாறினால், குழந்தையின் காதில் விழும் மொழியின் அளவும் வளமும்தான் குறையும். ஆசிரியையின் யோசனையை நான் முற்றாக மறுக்கிறேன்.

பழம், விலங்குப் பட அட்டைகளைக் காட்டி ஒப்பிக்க வைப்பதை விடுங்கள். சென்னை வீடுகளில் இது அளவுக்கு மீறிவிட்டது. அந்த அட்டைகளில் இருப்பவை பெயர்கள்தான்; "வா", "கொடு", "ஊத்து", "வேணாம்" போன்றவை இல்லாமல் வாக்கியம் பிறக்காது. அவள் "பா" என்றால், "பால் வேணுமா? பால் ஊத்தறேன்" என விரித்துச் சொல்லிவிட்டுப் பாலைக் கொடுத்துவிடுங்கள், "சொன்னால்தான் தருவேன்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். நாக்கில் வசம்பு உரசித் தடவுவதால் பேச்சு வராது.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் தொடங்கலாம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளது. தனியாரிடம் சென்றால், பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, விரும்பியதை விரலால் சுட்டாமை, முன்பு சொன்ன சொற்களை இழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பேச்சுப் பயிற்சிக்கு முன்பதிவு கிடைக்கும்வரை பொறுக்காமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஆட்டிசத்துக்கான மதிப்பீட்டையும் கேளுங்கள்.