கனமான மீசான், நீளமான கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனமான மீசான்களின் சிதைவைப் பற்றிச் சென்ற கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். குவார்க்குகளின் விதிகள் 50 ஆண்டுகளாகத் தெரியும் என்றால், ஒரு துகள் என்ன வேகத்தில் சிதையும் என்று கணக்கிட ஏன் இன்னும் இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறார்கள்? சமன்பாட்டைக் கணினியில் போட்டால் விடை வராதா? சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த எலக்ட்ரான்-மியூவான் பரபரப்பும் அடங்கிவிட்டது. இனி இதில் என்ன மிச்சம்?

மா.

அன்புள்ள மா.,

சமன்பாடு கையில் இருப்பது உண்மைதான். ஆனால் அது பேசுவது, புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் அடிப்படைத் துகளான குவார்க்கைப் பற்றி. ஆய்வகத்தில் கிடைப்பதோ மீசான், அதாவது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள். தனிக் குவார்க்கை யாரும் பார்த்ததில்லை.

பி-மீசானை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டம் என்ற கனமான வகைக் குவார்க் ஒன்று (அல்லது அதன் எதிர்த்துகள்), கூடவே ஓர் இலகுவான துணை. நிறை புரோட்டானைப் போல ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். ஆயுள் சுமார் 1.5 பிகோ நொடி (நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோ நொடி). அதற்குள் ஒளியே அரை மில்லிமீட்டர் போகாது. இது குறைவு என்று தோன்றும், ஆனால் 1983-இல் முதலில் அளந்தவர்களுக்கு இது எதிர்பார்த்ததைவிட மிக நீண்ட ஆயுள். காரணம், பாட்டம், அதைவிட இலகுவான சார்ம் என்ற வகைக் குவார்க்காக மாறுவதன் வலிமையைச் சொல்லும் எண் வெறும் 0.04. சிதைவின் வேகமோ அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது.

குவார்க் மாறும் அந்தப் பகுதியைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். அது மென்விசையின் வேலை. மீசானுக்குள் குவார்க்கைச் சூழ்ந்திருக்கும் குளுவான் மேகம்தான் பிடி கொடுக்காது; குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையைச் சுமப்பவை குளுவான்கள். அந்த ஆற்றலில் வன்விசை உண்மையிலேயே வலுவானது; ஒவ்வொரு திருத்தமாகச் சேர்த்துக்கொண்டே போகும் வழக்கமான முறை அங்கே செல்லாது. கணினியில் போடலாம், போடுகிறார்கள். வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் லேட்டிஸ் முறையை கென்னத் வில்சன் 1974-இலேயே தந்துவிட்டார். ஆனால் பாட்டம் குவார்க்குக்கு மிகப் பொடிக் கட்டம் வேண்டும், மேகத்துக்குப் பெரிய பெட்டி வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சூப்பர் கணினியே திணறுகிறது.

அப்போது கோட்பாட்டாளர் என்ன செய்கிறார்? கணக்கிட முடியாததைக் கணக்கிடாமலே தப்பிக்க இடம் தேடுகிறார். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான். 1989-இல் இஸ்கரும் வைஸும் கண்டது அப்படி ஓர் இடம். ஹைட்ரஜனுக்கும் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்துக்கும் வேதியியல் ஏறத்தாழ ஒன்றே, ஏனென்றால் கரு எவ்வளவு கனம் என்பதை எலக்ட்ரான் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மீசானிலும் அப்படியே. பாட்டம் சார்மாக மாறி, பிறந்த டி-ஸ்டார் மீசான் (சார்ம் உள்ள மீசான்) துளியும் நகராமல் நின்றால், மேகத்துக்கு நடுவில் ஆள் மாறியதே தெரியாது. அந்த ஒரு புள்ளியில், மேகத்தின் பாதிப்பைச் சொல்லும் தெரியாத சார்பின் மதிப்பு 1. குவார்க்குகளின் நிறை முடிவிலி அல்ல என்பதால் வரும் திருத்தத்தின் முதல் படியும் அங்கே மறைந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சரியாக அந்தப் புள்ளியில் சிதைவு நிகழும் வீதம் பூஜ்யம். கோட்பாடு தெளிவாக இருக்கும் இடத்தில் தரவு கிடையாது! பக்கத்தில் அளந்து, வளைவை நீட்டித்தான் அங்கே போக வேண்டும். நீட்டும் விதத்தில்தான் சண்டை. இப்படிக் குறிப்பிட்ட மீசானாகச் சிதைவதை மட்டும் எடுத்தால், மேலே சொன்ன எண் 0.039-க்கும் 0.040-க்கும் இடையில் வருகிறது. சார்ம் உள்ள எல்லாச் சிதைவுகளையும் மொத்தமாகக் கூட்டினால் 0.042 பக்கம் வருகிறது. பல ஆண்டுகளாக இந்த இடைவெளி ஒழியவில்லை.

சரி, பரபரப்புக்கு வருவோம். பி-மீசான், கேயான் என்ற இலகுவான மீசான் ஒன்றோடு மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவு) இணையாகவும் சிதையலாம், எலக்ட்ரான் இணையாகவும் சிதையலாம். இரண்டையும் வகுத்தால் மேகம் மேலும் கீழும் அடிபட்டுப் போகும், விகிதம் ஏறத்தாழ 1 என்று துகள் இயற்பியலின் இன்றைய கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடல் தயங்காமல் சொல்கிறது. சேர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி குழு 2021-இல் 3.1 சிக்மா விலகல் என்றது (சிக்மா என்பது அளவீட்டின் நிச்சயமின்மையை அளக்கும் அலகு). 2022 டிசம்பரில் அதே குழு மறுபடி ஆராய்ந்தபோது அது காணாமல் போனது. வேறு துகள்கள் சில எலக்ட்ரானாகக் கணக்கில் ஏறியிருந்தன. அந்த இடைவெளியில் புதிய துகள்களை முன்மொழிந்து வந்த ஆய்வுத்தாள்கள் ஏராளம். அவற்றைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த விகிதத்துக்கான கணிப்பில் யாரும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் துறை தோற்றது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன்.

மிச்சம் இருப்பது டௌ லெப்டான். எலக்ட்ரானும் மியூவானும் சேர்ந்த லெப்டான் குடும்பத்தில் இதுதான் மிகக் கனமானது. பி-மீசான் டி அல்லது டி-ஸ்டார் மீசானுடன் டௌவாகச் சிதைவது, இலகுவான லெப்டான்களோடு ஒப்பிட்டால், கணிப்பைவிடக் கூடுதலாக நடக்கிறது. 2012-இல் பாபார் சோதனை சொன்னது. பெல், எல்எச்சிபி அளவீடுகளும் சேர்ந்த சராசரி இன்னும் 3 சிக்மா அளவில் விலகியே நிற்கிறது. டௌ கனமானது, ஆகவே இங்கே மேகம் முழுதாக அடிபடாது. டி-ஸ்டாருக்கு நகராத புள்ளியைத் தாண்டிய லேட்டிஸ் கணக்குகள் 2021-இலிருந்துதான் வரத் தொடங்கின, அவையும் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், புதுத் துகளைத் தேடுவதற்கு முன் அந்தக் கணக்குகளை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

பயன் என்ன என்றும் சந்தேகம் இருக்கலாம். 1987-இல் ஹாம்பர்கில் ஆர்கஸ் சோதனை, பி-மீசான் தன் எதிர்த்துகளாக மாறும் வேகத்தை அளந்தது. அதிலிருந்தே டாப் என்ற இன்னொரு வகைக் குவார்க் நினைத்ததைவிட மிகக் கனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அந்தத் துகள் ஃபெர்மிலேபில் நேரில் சிக்கியது 1995-இல்.